சின்ன ஊர்ப் பத்திரிகைக்குப் படம் எடுப்பவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்ராறியோவில் ஒரு சின்ன ஊரில் வாரப் பத்திரிகைக்குப் படம் எடுக்கிறேன். ரொறன்ரோவிலிருந்து கிழக்கே காரில் போகிற தூரம். குளிர்காலம் முழுக்க ஜூனியர் ஐஸ் ஹொக்கி, மற்ற நேரம் ஊரில் நடக்கிற எதுவும். ஸ்காபரோவில் இருக்கிற சொந்தக்காரர், அரங்கில் பக்கத்தில் வந்து நிற்கிற பெற்றோர், கமரா வாங்க யோசிக்கிற பிள்ளைகள் என்று பலரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட இங்கே எழுதிவிடலாம் என்று பட்டது.

ஜூனியர் ஹொக்கி என்றால் சின்னப்பிள்ளைகள் விளையாடுவதா?

இல்லை. பெரும்பாலும் 16 முதல் 20 வயது வரையான பெடியன்கள். சின்னப்பிள்ளைகள் விளையாடுவது 'மைனர் ஹொக்கி'. அது சனிக்கிழமை விடியற்காலையில், நித்திரை கலையாத அப்பாமாருக்கு முன்னால் நடக்கும்.

ஜூனியரில் மேல்தட்டு கனேடிய ஹொக்கி லீக். அதற்குள் மூன்று லீக்குகள் இருக்கின்றன: ஒன்ராறியோ லீக், மேற்கு லீக், கியூபெக்கும் கடலோர மாகாணங்களும் சேர்ந்த லீக். ஒன்ராறியோ லீக்கில் 20 அணிகள். அதில் மூன்று எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில். ஒவ்வொரு அணிக்கும் பருவத்துக்கு 68 ஆட்டம். மூன்று லீக்குகளின் வெற்றியாளர்களும், போட்டியை நடத்துகிற ஊரின் அணியும் வசந்தத்தில் மெமோரியல் கிண்ணத்துக்கு மோதுவார்கள். முதல் உலகப் போரில் இறந்த கனேடியப் படைவீரர்களின் நினைவாக 1919இல் தொடங்கிய கிண்ணம் அது.

அதற்குக் கீழே ஜூனியர் ஏ, பி, சி என்று போகும். எங்கள் ஊர் அணி ஜூனியர் சி. அதாவது பகலில் தச்சு வேலையோ கல்லூரியோ, இரவில் ஹொக்கி. இவர்களில் உச்சத் தொழில்முறை லீக்கான என்ஹெச்எல் போகப் போகிறவர் அனேகமாக யாரும் இல்லை, அது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் வெள்ளிக்கிழமை இரவு அரங்கு நிறைகிறது. பக்கத்து நகரத்தில் ஒன்ராறியோ லீக் ஆட்டம் இருந்தால் அதற்கும் அவ்வப்போது போவேன். இரண்டில் எது பிடிக்கும் என்று கேட்டால் ஜூனியர் சி என்றுதான் சொல்வேன். அங்கே வாசலில் டிக்கெட் கிழிக்கிறவரின் பேரன்தான் வலைக்கு முன்னால் நிற்பான்.

உள்ளே குளிருமா?

குளிரும். பழைய அரங்குகளில் வெளியே நிற்பது மேல் என்று தோன்றுகிற நாட்களும் உண்டு. விரல் நுனி திறந்த கையுறை, இரண்டு சோடிக் காலுறை, சட்டைப்பையில் உடம்போடு ஒட்டி வைத்த மேலதிக பேட்டரி. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும்.

பெரிய தொல்லை, மைனஸ் 20இல் காரில் கிடந்த கமராவைச் சூடான நுழைவு மண்டபத்துக்குள் கொண்டுவருவது. லென்ஸ் முழுக்க ஈரம் படிந்துவிடும். பையின் சிப்பைத் திறக்காமலே கொஞ்ச நேரம் உள்ளே விட்டுவிடுங்கள். துடைக்கத் துடைக்க மோசமாகும்.

அரங்குக்குள் கமராவை எப்படி அமைக்கிறீர்கள்?

இளையவர்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். "அண்ணா, என்ன செட்டிங்?" சரி, சொல்கிறேன்.

எல்லாம் மேனுவல். ஷட்டர் 1/1000 செக்கன், வெளிச்சம் குறைந்த அரங்கில் 1/800. அதற்குக் கீழே போனால் மட்டையின் நுனியும், பக் எனும் ரப்பர் வட்டும் கரைந்துபோகும். திறப்பு எஃப் 2.8. ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவு, 3200 முதல் 6400 வரை. படத்தில் மணல் தூவியது போல வரும்தான். பத்திரிகைத் தாளில் அது தெரியாது, கைபேசியிலும் பெரும்பாலும் தெரியாது. மணலுக்குப் பயந்து ஷட்டரைக் குறைக்க வேண்டாம்.

கமராவைத் தானாக இயங்க விட்டால் ஐஸ் அதை ஏமாற்றிவிடும். கண்ணுக்கு முன்னால் இவ்வளவு வெள்ளையைப் பார்த்ததும், வெளிச்சம் கூடிப்போச்சு என்று நினைத்து அது படத்தை இருட்டாக்கும். ஐஸ் அழுக்குச் சாம்பல் நிறமாகவும், தலைக்கவசத்துக்குக் கீழே முகம் நிழலாகவும் வரும். ஆகவே ஆட்டத்துக்கு முன் பயிற்சி ஓட்டம் ஓடும்போதே முகங்களைப் பார்த்து அளவை வைத்துக்கொள்கிறேன். ஐஸ் முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) கூடத் தெரிந்தால் சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். வெண்மைச் சமநிலையையும் அப்போதே ஐஸைக் காட்டிப் பூட்டிவிடுவேன்.

பழைய உலோக ஹாலைட் விளக்குகள் இருக்கிற அரங்கில் இன்னொரு கூத்து உண்டு. இங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், விளக்கு ஒரு செக்கனுக்கு 120 தடவை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 1/1000இல் எடுக்கும் கமரா அந்த ஏற்ற இறக்கத்தின் ஒரு துண்டைத்தான் பிடிக்கும். தொடர்ந்து எடுத்த மூன்று படங்களில் ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை, ஒன்று இருட்டு. இப்போது வரும் கமராக்களில் இந்தத் துடிப்பைக் கவனித்து உச்சத்தில் மட்டும் எடுக்கிற வசதி இருக்கிறது. பல ஊர்களில் எல்ஈடி விளக்கும் வந்துவிட்டதால் பிரச்சினை குறைந்திருக்கிறது.

செட்டிங் இவ்வளவுதான். ஒரு மாலையில் பழகிவிடலாம். இனி வரும் கேள்விகளில் இருப்பதுதான் கடினம்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து எப்படித் தெளிவாக வருகிறது?

பெரிய அரங்குகளில் மூலைகளில் கண்ணாடியில் படக்காரருக்கென்று சிறு ஓட்டை வெட்டியிருப்பார்கள். லென்ஸின் வாய் போகிற அளவு. சின்ன அரங்குகளில் அது கிடையாது, கீறலும் பக் பட்ட கறுப்புத் தடங்களும் நிறைந்த கண்ணாடிதான் கிடைக்கும். ரப்பர் மூடி போட்ட லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து, கூடிய மட்டும் நேராகப் பார்த்து எடுக்க வேண்டும். சரிவாகப் பார்த்தால் கண்ணாடியின் தடிப்பு உருவத்தை இழுத்துவிடும். ஆட்டத்துக்கு முன் ஒரு துணியோடு போய், நான் நிற்கப்போகிற இடத்தை நானே துடைப்பேன். உட்பக்கத்தை ஐஸ் பராமரிக்கிறவரிடம் கேட்டால் துடைத்துவிடுவார். அவரோடு நல்ல உறவு வைத்திருப்பது எந்த லென்ஸையும் விடப் பெறுமதி.

மேலே பார்வையாளர் படிகளிலிருந்தும் எடுக்கலாம். பின்னணியில் வெறும் ஐஸ் மட்டும் வருவதால் படம் துப்புரவாக இருக்கும். ஆனால் வலைக்குப் பின்புறப் படிகளில் பாதுகாப்பு வலை தொங்கும். 2002இல் அமெரிக்காவின் கொலம்பஸில் ஆட்டம் பார்க்க வந்த 13 வயதுச் சிறுமி பக் பட்டு இறந்த பிறகு என்ஹெச்எல் கட்டாயமாக்கியது அது. இப்போது சின்ன அரங்குகளிலும் இருக்கிறது. அதை ஒட்டி நின்று, திறப்பை முழுக்கத் திறந்து எடுத்தால் நூல்கள் மறைந்துவிடும்.

உங்களுக்குப் பக் பட்டிருக்கிறதா?

கண்ணாடியில் பட்டிருக்கிறது, முகத்துக்கு ஒரு சாண் தள்ளி. பக் என்பது 170 கிராம் வரை எடையுள்ள கெட்டி ரப்பர், அதையும் குளிரூட்டி வைத்துத்தான் இறக்குவார்கள். ஓட்டையில் நிற்கும்போது இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருங்கள், ஒன்று கமராவில், மற்றது ஆட்டத்தில்.

எந்த நேரத்தில் அழுத்த வேண்டும் என்று எப்படித் தெரியும்?

கோல் விழுவதைக் கண்டால் பிந்திவிட்டீர்கள். பார்த்து அழுத்துவதற்கு இடையில் ஆட்டம் நகர்ந்துவிடும். யார் எந்தப் பக்கம் மட்டை பிடிப்பவன், யார் பந்தயம் தோற்கும்போது கோபப்படுகிறவன், எந்தப் பெடியன் கோல் அடித்தால் கண்ணாடியில் வந்து மோதுவான் என்பதெல்லாம் தெரிந்திருந்தால் லென்ஸ் முதலே அங்கே போய் நிற்கும். அதனால்தான் ஒரே அணியைப் பருவம் முழுக்கப் பார்க்கிற உள்ளூர்ப் படக்காரருக்கு, பெருநகரத்திலிருந்து ஒரு நாளைக்கு வந்து போகிறவருக்குக் கிடைக்காத படம் கிடைக்கிறது.

கோலை விடக் கோலுக்குப் பிறகான மூன்று செக்கன் முக்கியம். அடித்தவன் முகம் எந்தத் திசையில் திரும்புகிறது? பெரும்பாலும் தன் அணி உட்கார்ந்திருக்கும் வாங்குப் பக்கம். என் இடத்தை அதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறேன். எல்லாக் கமராவும் அங்கே திரும்பியிருக்கும்போது, கோல் வாங்கிய வலைக் காவலன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து முகத்தில் பீய்ச்சிக்கொண்டு கூரையைப் பார்ப்பான். அதையும் எடுங்கள். பதினேழு வயதுப் பெடியன் ஒருவன் ஊர் முழுக்கப் பார்க்கத் தனியாக நிற்கிற நேரம் அது.

அதிர்ஷ்டமும் வேண்டும். ஹொக்கிப் படங்களிலேயே மிகவும் பேர்போனது, 1970 மே 10இல் பாஸ்டனில் பொபி ஓர் என்ற வீரர் வெற்றிக் கோல் அடித்துவிட்டு, கால் தட்டுப்பட்டுக் காற்றில் கிடையாகப் பறக்கிற படம். எடுத்தவர் ரே லூசியர், உள்ளூர்ப் பத்திரிகைக்காரர். மேலதிக நேரம் தொடங்கியபோது அந்த ஓட்டையில் இருக்க வேண்டியவர் வெக்கை தாங்காமல் பியர் வாங்கப் போயிருந்தார், வெற்று முக்காலியில் லூசியர் போய் உட்கார்ந்தார் என்பது தொழிலில் எல்லோரும் சொல்கிற கதை. பொபி ஓரின் சொந்த ஊர் ஒன்ராறியோவின் பாரி சவுண்ட், ஜூனியர் ஹொக்கி ஆடியது ஒஷாவாவில். இங்கே அந்தப் படம் தொங்காத அரங்கைக் காண்பது கஷ்டம்.

என் மகன் இரண்டு கோல் அடித்தான். அவன் படம் ஏன் வரவில்லை?

இதைக் கேட்காத பெற்றோர் இல்லை. கேட்கவும் வேண்டும்.

உண்மையான பதில் பல. அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடித்திருக்கலாம். நடுவர் குறுக்கே வந்திருக்கலாம். நடுவர்மாருக்கு எப்படியோ கமராவின் பாதை தெரிந்திருக்கிறது. இரண்டாவது கோல் மூன்றாம் பகுதியில் என்றால், நான் அப்போது மடிகணினியில் படம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கலாம். அல்லது அந்த வாரம் விளையாட்டுக்கு ஒரே ஒரு படத்துக்கு இடம் இருந்திருக்கலாம், அதைப் பெண்கள் அணிக்குக் கொடுத்திருப்போம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கோல் அடிக்கிறவர்களை மட்டுமே எடுத்தால் பருவம் முடிய அதே நாலு முகம்தான் பத்திரிகையில் இருக்கும். நான்காவது வரிசையில் ஒரு ஆட்டத்தில் ஆறு நிமிடம் ஆடுகிற பெடியனுக்கும் பாட்டி இருக்கிறார், அவரும் பத்திரிகை வாங்குகிறார். என் கொப்பியில் அணியின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, படம் வந்தவருக்கு நேரே அடையாளம் போட்டு வைக்கிறேன். பருவம் முடிவதற்குள் எல்லோருக்கும் அடையாளம் விழ வேண்டும். மாற்றுக் காவலனுக்குத்தான் எப்போதும் கஷ்டம். ஆடாமல் வாங்கில் இருக்கிற அவனை, மற்றவர்களுக்குக் கதவு திறந்துவிடும்போது எடுக்க வேண்டியிருக்கும்.

வேறு ஊர்ப் பிள்ளைகளை மறக்க வேண்டாம். மேல் லீக்குகளில் 16 வயதில் வீட்டை விட்டு வந்து, ஊரில் யாராவது ஒரு குடும்பத்தோடு தங்கி ஆடுவார்கள். அவர்களின் அம்மாமார் படத்தைப் பார்ப்பது மூன்று மாகாணம் தள்ளி. அவர்களிடமிருந்து வரும் மின்னஞ்சல்கள்தான் பெட்டியில் மிக நீளமானவை.

பெயர்களை எப்படிப் பிழையில்லாமல் போடுகிறீர்கள்?

ஆட்டத்துக்கு முன் இரண்டு அணிப் பட்டியலையும் வாங்கிப் படமே எடுத்து வைத்துவிடுவேன். இலக்கம் மாறி உடுத்து வருகிற நாட்கள் உண்டு. கோல் விழுந்ததும், அடித்தவனின் முதுகு இலக்கம் தெரிய ஒரு படம். அதைப் பிரசுரிக்க அல்ல, பிறகு யார் என்று பார்க்க. ஒவ்வொரு பகுதி முடிவிலும் புள்ளிப் பலகையை ஒரு படம். ஃபோட்டோ மெக்கானிக் என்றொரு மென்பொருள் இருக்கிறது. அணிக்கு ஒரு எழுத்து, பிறகு இலக்கம் தட்டினால் முழுப்பெயரும் விழும். அந்தப் பட்டியலை முதல் நாளே தயாரித்து வைத்தால் இடைவேளையில் ஐந்து படம் அனுப்பிவிடலாம்.

ஹொக்கியில் இது சுகம், முதுகில் இலக்கம் இருக்கிறது. தெருவில் பனி வழிக்கிற மனிதருக்கு இலக்கம் இல்லை. போய்க் கேட்க வேண்டும், எழுத்துக்கூட்டச் சொல்லி எழுத வேண்டும், எழுதியதை அவரிடமே காட்ட வேண்டும். ஸ்மித் என்றாலும் காட்டுவேன், இரண்டு விதமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நீண்ட தமிழ்ப் பெயரோடு இந்த நாட்டில் வாழ்கிற எனக்கு, பெயரைப் பாதியில் வெட்டினால் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. படம் கொஞ்சம் சுமாராக இருந்தால் ஒருவரும் அலுவலகத்துக்கு வருவதில்லை. பெயர் பிழைத்தால் வருவார்கள், வரவும் வேண்டும்.

சண்டைப் படம் போடுவீர்களா?

எடுப்பேன். போடுவது ஆசிரியர் முடிவு, என் விருப்பம் குறைவாகப் போடுவது. கியூபெக் லீக்கில் 2023-24 பருவத்திலிருந்து சண்டை பிடித்தால் ஆட்டத்தை விட்டே வெளியேற்றம். மற்ற இடங்களிலும் சண்டை முன்னரை விடக் குறைந்துவிட்டது. இரத்தம் வடிகிற பதினேழு வயது முகத்தை முதல் பக்கத்தில் போட்டுவிட்டு, திங்கட்கிழமை அவனுடைய அம்மாவைப் பல்பொருள் கடையில் சந்திப்பது எனக்குச் சரிப்பட்டு வராது. காயப்பட்டு அசையாமல் கிடக்கிறவனை, எழும்பும் வரை அனுப்பவே மாட்டேன்.

கரடிப் பொம்மை எறிகிற ஆட்டம் என்கிறார்களே, அது என்ன?

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு ஆட்டம். உள்ளூர் அணி முதல் கோல் அடித்ததும் பார்வையாளர்கள் எல்லோரும் கொண்டுவந்த பஞ்சுப் பொம்மைகளை ஐஸில் எறிவார்கள். அவை மருத்துவமனைகளுக்கும் வறிய வீட்டுப் பிள்ளைகளுக்கும் போகும். 1993இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸ் அணி தொடங்கி வைத்தது, இப்போது நாடு முழுக்க நடக்கிறது. கல்கரியில் 2018இல் ஒரே இரவில் 29,635 பொம்மைகள் விழுந்தன.

படக்காரருக்கு இது ஆண்டின் சுலபமான நாள், கோல் விழும்வரை. உள்ளூர் அணி ஒரு கோலும் அடிக்காமல் இரண்டாம் பகுதி முடிந்து, ஆயிரம் பேர் கரடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பை எடுங்கள். கோல் விழுந்ததும் அடித்தவனை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பாருங்கள், அகன்ற லென்ஸோடு. பொம்மையை விட மாட்டேன் என்று அழுகிற ஒரு சின்னப்பிள்ளை எப்போதும் இருக்கும்.

ஹொக்கி இல்லாத நாட்களில் என்ன செய்வீர்கள்?

காரில் சுற்றுவேன். கேட்க நகைச்சுவையாக இருக்கும், ஆனால் வேலையின் பாதி அதுதான். செவ்வாய்க்கிழமை பத்திரிகை அச்சுக்குப் போகிறது. முதல் பக்கத்துக்கு ஒன்றும் இல்லை, நகரசபைக் கூட்டத்தில் சாக்கடைக் கட்டணம் பேசினார்கள் என்றால் அதற்கு என்ன படம் போடுவது? போய்த் தேட வேண்டும்.

சில விஷயங்கள் நாள்காட்டியில் இருக்கின்றன. நவம்பர் 11 காலை 11 மணிக்குப் போர் நினைவுத்தூண். வருடா வருடம் அதே மாலைகள், அதே ஊதுகுழல், ஆனால் வரிசையில் நிற்கும் முதியவர்கள் வருடா வருடம் குறைவார்கள். அந்தக் குறைவை ஒரு தனிப் படம் சொல்லாது, பத்து வருடப் படங்களைப் பக்கத்தில் வைத்தால் சொல்லும். பிறகு சாண்டா ஊர்வலம். மார்ச்சில் மேப்பிள் பாகு காய்ச்சும் குடில்கள். ஒரு லீட்டர் பாகுக்கு ஏறக்குறைய 40 லீட்டர் மரச்சாறு வேண்டும், ஆவி குடில் முழுக்க அடைத்து லென்ஸை ஒட்டவைக்கும். இலையுதிர் காலத்தில் விவசாயக் கண்காட்சி, பூசணிக்காய் எடை போடுதல்.

நாள்காட்டியில் இல்லாதவைதான் எனக்குப் பிடித்தவை. முதல் பனி விழுந்த காலை, தன் வாசலை வழித்துவிட்டுப் பக்கத்து வீட்டு வாசலையும் வழிக்கிறவர். ஜூலை வெக்கையில் தலைமுடி திருத்தும் கடைக்கு முன்னால் கதிரை போட்டிருக்கிற கிழவர்கள். குளம் உறைந்த அன்று கழுத்துப்பட்டியோடு வேலையிலிருந்து நேரே வந்து சறுக்கிற வங்கிக்காரர். இப்படி ஒன்றைக் காண எந்த விதியும் இல்லை, ஆனால் பிரதான வீதியை விட்டு இறங்க வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும், ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடையில் காலை ஏழு மணிக்குக் கூடுகிற ஓய்வுபெற்றவர்களோடு பத்து நிமிடம் இருக்க வேண்டும். யாருடைய களஞ்சியம் இடிக்கப்படுகிறது, யாருடைய பசு இரட்டைக் கன்று போட்டது எல்லாம் அந்த மேசையில்தான் முதலில் வரும்.

அப்புறம் நன்கொடைக் காசோலைப் படங்கள். ஒரு ஆள் உயரத்துக்கு அட்டைக் காசோலை, இரு பக்கமும் ஐந்து பேர், எல்லோரும் பல்லைக் காட்டுகிறார்கள். எல்லாப் படக்காரரும் இதை வெறுக்கிறார்கள். நானும் புலம்புவேன். ஆனால் அந்தப் பத்துப் பேரும் அந்தப் பக்கத்தை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிறார்கள், என் பனிமூட்டக் கலைப் படத்தை யாரும் ஒட்டியதாகத் தெரியவில்லை.

தெருவில் ஆட்களை எடுக்க அனுமதி வேண்டுமா?

ஒன்ராறியோவில் பொது இடத்தில் செய்திக்காக எடுப்பதற்கு அனுமதி தேவையில்லை. கியூபெக் வேறு. அங்கே கட்டடப் படியில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தைக் கேட்காமல் வெளியிட்ட சஞ்சிகை 2,000 டொலர் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்பதை 1998இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஒன்ராறியோவிலும் நீதிமன்றக் கட்டடத்துக்குள் படம் எடுக்க முடியாது. குற்றம் சாட்டப்பட்ட 18 வயதுக்குக் குறைந்தவரை நாடு முழுக்கவும் அடையாளம் காட்டக் கூடாது.

சட்டம் அவ்வளவுதான். நடைமுறையில், பிள்ளை விளையாடுகிற படம் எடுத்தால் உடனே பெற்றோரிடம் போய் நான் யார் என்று சொல்வேன். எடுத்த பிறகு கேட்பேன், முதலே கேட்டால் பிள்ளை விறைத்துவிடும். வேண்டாம் என்றால் அவர்கள் முன்னாலேயே அழிப்பேன். உரிமை இருக்கிறதே என்று வாதாடிப் பெற்ற படத்தை நான் போட்டதில்லை. ஊர் சின்னது.

விபத்து, தீ, மரணம்?

போக வேண்டியிருக்கிறது. தூர லென்ஸோடு, பொலிஸ் நாடாவுக்கு வெளியே. வாகன இலக்கத் தகடு தெரியாமல். குடும்பத்துக்குத் தகவல் போயிருக்காத நேரத்தில், கார் எது என்று அறியக்கூடிய படத்தை இணையத்தில் ஏற்றக் கூடாது என்பதில் நானும் ஆசிரியரும் ஒரே பக்கம்.

ஜூனியர் ஹொக்கி எடுக்கிற எல்லோருக்கும் 2018 ஏப்ரல் 6 மறக்காது. சஸ்காச்சுவானில் ஹம்போல்ட் அணி பிளேஓஃப் ஆட்டத்துக்குப் போன பஸ் சந்தியில் லொறியுடன் மோதி 16 பேர் இறந்தார்கள், 13 பேர் காயப்பட்டார்கள். வீரர்களும் பயிற்சியாளரும் மட்டுமல்ல, அணியோடு பயணம் செய்த உள்ளூர் வானொலி வர்ணனையாளரும் அதில் இருந்தார். ஒவ்வொரு குளிர்காலமும் வெள்ளைப் புயலுக்குள் இந்த பஸ்கள் ஊர் ஊராக ஓடுகின்றன, அவற்றில் எங்களைப் போன்றவர்களும் ஏறுகிறோம்.

அந்த வாரம் நாடு முழுக்க வீட்டு வாசலில் ஹொக்கி மட்டையைச் சாத்தி வைத்து விறாந்தை விளக்கை எரியவிட்டார்கள். எங்கள் ஊரிலும் வைத்தார்கள். நான் இரவில் நடந்து நடந்து எடுத்தேன். கதவைத் தட்டிப் பெயர் கேட்டபோது, பிள்ளையே இல்லாத ஒரு முதியவர், அன்று பின்னேரம் கடைக்குப் போய் மட்டை வாங்கி வந்ததாகச் சொன்னார். ஆட்டத்தில் எடுத்த எந்தப் படத்தையும் விட அந்தப் படத்துக்குத்தான் ஊரில் பிரதி கேட்டார்கள்.

தமிழ் விஷயங்கள் எடுக்கும் வாய்ப்பு வருமா?

ஜனவரியில் வரும். கனேடிய நாடாளுமன்றம் 2016இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்ற பிறகு சின்ன ஊர் நகரசபைகளிலும் கொடி ஏற்றுகிறார்கள், பொங்கல் பொங்குகிறார்கள். மைனஸ் 15இல் வேட்டி கட்டிய மேயர் நல்ல படம். ஆனால் எப்போதும் மேயரைத்தான் எடுக்கிறார்கள் என்பது என் முறைப்பாடு. பானைக்குப் பக்கத்தில் இருக்கிற ஆச்சியைப் பாருங்கள்.

ஹொக்கியில் எங்கள் பிள்ளைகள் குறைவு. உபகரணச் செலவு, பயணம், விடியப்புற ஐஸ் நேரம், இரண்டு வேலை செய்கிற பெற்றோர். காரணம் தெரிந்ததுதான். மைனர் ஹொக்கியில் முதுகில் நீண்ட தமிழ்ப் பெயர் வளைந்து எழுதப்பட்ட சட்டையைக் கண்டால் என் கமரா கொஞ்சம் அதிக நேரம் அந்தப் பக்கம் நிற்கும், மறைக்கவில்லை.

இதில் சீவிக்க முடியுமா?

தனியே இதை மட்டும் வைத்து என்றால் கஷ்டம். நானும் கல்யாண வீடுகளுக்கும் பாடசாலைப் படங்களுக்கும் போகிறேன். 2023 செப்டம்பரில் மெட்ரோலாண்ட் நிறுவனம் ஒன்ராறியோவில் 70க்கும் மேற்பட்ட வாரப் பத்திரிகைகளின் அச்சை ஒரே நாளில் நிறுத்தியது, 605 பேருக்கு வேலை போனது. அதற்கு முந்தைய மாதம்தான் செய்திக்குக் காசு கொடுக்கச் சொல்லும் சட்டத்துக்கு எதிர்ப்பாக மெட்டா நிறுவனம் கனடாவில் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் செய்திகளைத் தடுத்தது. எங்கள் ஊர் அணியின் படத்தை எங்கள் பக்கத்திலிருந்து ஊர்க்காரரே பகிர முடியாது.

பத்திரிகை மூடிய ஊர்களில் ஆட்டப் படம் இல்லாமல் போவதில்லை, அணியே ஆள் வைத்து எடுக்கிறது, பெற்றோர் எடுக்கிறார்கள். இல்லாமல் போவது மற்றவை: பனி வழிக்கிறவர், நினைவுத்தூண், காசோலை. அவற்றை எடுக்க யாருக்கும் தனிக் காரணம் இல்லை.

பத்திரிகையில் வந்த என் மகளின் படம் எனக்குச் சொந்தமா?

இல்லை. எடுத்தவருக்கு, அவர் ஊழியர் என்றால் பெரும்பாலும் பத்திரிகைக்கு. 2012 நவம்பர் வரை காசு கொடுத்து எடுப்பித்தவருக்கே பதிப்புரிமை என்று கனடாவில் இருந்தது, அது மாறிவிட்டது. வீட்டுச் சுவருக்கு வேண்டும் என்றால் கேளுங்கள், சும்மா தருவேன். பெயரை வெட்டிவிட்டு விளம்பரத்தில் போடாதீர்கள்.

எந்தக் கமரா வாங்கலாம்?

பழைய கமராவும் எஃப் 2.8இல் 70-200 லென்ஸும். கமரா உடம்பில் காசை மிச்சம் பிடியுங்கள், லென்ஸில் பிடிக்காதீர்கள். இரண்டாம் கையாக வாங்கினால் போதும். கைபேசியால் ஆட்டத்தை எடுக்க வேண்டாம், ஆட்டம் முடிந்து கைகுலுக்கும் வரிசையை எடுங்கள், அதற்கு அது போதும்.

எங்கள் விழாவுக்கு உங்களை எப்படிக் கூப்பிடுவது?

பத்திரிகைக்கு ஒரு கிழமை முன்னால் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு என்ன நடக்கும், பெயர்களைச் சரியாகச் சொல்லக்கூடியவர் யார் என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமை இரவு என்றால் ஹொக்கி இருக்கும், வர மாட்டேன். தலைவர்கள் பேசுகிற நேரத்துக்கு வரச்சொல்லாதீர்கள், அதற்கு ஒரு மணித்தியாலம் முன்னால் சமையலும் கதிரை அடுக்கலும் நடக்கும்போது கூப்பிடுங்கள். குழுப்படம் கடைசியில் எடுத்துத் தருகிறேன், காசோலை இருந்தாலும் பரவாயில்லை.